மறைப்பதும் மணமுடிப்பதும் மருந்தாகா: போதையிலிருந்து மீள்வோருக்கு மஹல்லா செய்ய வேண்டியது



போதைப்பொருள்களின் தீமை குறித்து நம் ஜுமுஆ மேடைகளில் பேசப்படாத ஆண்டில்லை. அது ஹராம் என்பதை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். மக்தபில் ஓதும் சிறுவனிடம் கேட்டாலும், அல்மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனத்தைச் சுட்டி விடை கூறிவிடுவான். ஆகவே அறியாமை நம் குறையன்று. ஹராம் என்று அறிந்தே அதில் வீழ்ந்து, பின்னர் எழ விரும்பி, எழும் வழி தெரியாது தவிக்கும் ஒருவருக்குக் கொடுக்க நம் மஹல்லாக்களில் என்ன இருக்கிறது? இக்கட்டுரை எழுப்பும் வினா அதுவே.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் நமக்கு இவ்வினா அயலூர்ச் செய்தியன்று. வெள்ளாற்றங்கரை ஊர்கள் முதல் ஜெயங்கொண்டம் வரை, நம் குடும்பங்களில் ஒருவரேனும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார். சென்னையிலும் பெங்களூருவிலும் கணினித் துறையில் பணியாற்றும் பிள்ளைகள் பலர். ஊரில் இருப்போரிலும் சிமெண்ட் ஆலை லாரிகளில் இரவு பகலாக ஓடுவோர் உண்டு. வீட்டார் கண்ணில் படாத நீண்ட நேரமும் கையில் புழங்கும் பணமும் உறக்கமற்ற இரவுகளும் ஒன்றுசேரும் இடத்தில் போதைக்கு வாசல் திறந்துவிடுகிறது.

நாடு தழுவிய நிலையை ஒருமுறை நோக்குவோம். மத்திய சமூகநீதி அமைச்சகம் எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையத்தைக் கொண்டு நடத்திய ஆய்வின் அறிக்கை 2019-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். கொகைன் பயன்படுத்துவோர் ஆயிரத்தில் ஒருவர் அளவினரே. விலை மிகுந்த அப்பொருள் நம் ஊர்த் தெருக்களுக்கு எளிதில் வருவதில்லை. எனினும் பெருநகரங்களில் அது புழங்குவதை 2025 ஜூன் மாதம் சென்னையில் திரைத்துறையினர் சிலர் கொகைன் வழக்கில் கைதானபோது தமிழகம் முழுவதும் அறிந்தது. நம் ஊர்களில் கண்முன் இருப்பவை மது, கஞ்சா, வலிநிவாரண மாத்திரை, உதட்டின் கீழ் வைக்கும் புகையிலைப் பொட்டலம் ஆகியவை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவ்வூர் நம்மிடமிருந்து வெகு தொலைவில் இல்லை.

அதே 2019 அறிக்கை தரும் மற்றொரு கணக்கை ஒவ்வொரு ஜமாஅத் நிர்வாகியும் அறிந்திருக்க வேண்டும். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவர்தாம் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். எஞ்சிய 37 பேர் சிகிச்சை எதுவும் பெறவில்லை. அவர்களுள் நம் பிள்ளைகளும் இருப்பர்.

கொகைன் கற்பிக்கும் பாடம்

நம் ஊரில் அரிதான கொகைனைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று தோன்றலாம். அதற்குக் காரணம் உண்டு. மது அடிமைத்தனத்திற்கும் அபின் வகைப் போதைக்கும் மருத்துவர்களிடம் ஓரளவு பயன்தரும் மருந்துகள் உள்ளன. கொகைன் அடிமைத்தனத்தைப் போக்கும் மருந்து என்று முறையாக ஒப்புதல் பெற்ற ஒன்று இன்றளவும் இல்லை. ஆகவே அதற்கான சிகிச்சை பெரும்பாலும் மனப்பயிற்சியையும் பழக்க மாற்றத்தையும் சுற்றுப்புறத்தின் துணையையும் நம்பியே நடைபெறுகிறது. மாத்திரை கைகொடுக்காத இடத்தில் மனிதன் எவ்வாறு மீள்கிறான் என்பதைக் கொகைன் சிகிச்சையிலிருந்து கற்கலாம். அப்பாடம் எல்லாப் போதைக்கும் பொருந்தும்.

மூளையில் இன்ப உணர்வோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமைன் என்னும் பொருள் சுரந்து, பணி முடிந்ததும் மீண்டும் உள்ளிழுக்கப்படுகிறது. கொகைன் அந்த உள்ளிழுப்பைத் தடுத்துவிடுகிறது. அதனால் பேரூக்கம் ஒன்று பொங்கி எழுகிறது. மூக்கால் உறிஞ்சினால் அது அரைமணி நேரத்திற்குள் வடிந்துவிடும். வடிந்தபின் சோர்வும் எரிச்சலும் மீண்டும் வேண்டும் என்ற தவிப்பும் எஞ்சும். நாளடைவில் உணவு, உறக்கம், பிள்ளையின் சிரிப்பு என இறைவன் ஆகுமாக்கிய இன்பங்கள் எதுவும் சுவைக்காமல் போகின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இளவயதினருக்கும் மாரடைப்பு நேரலாம். மதுவையும் சேர்த்து அருந்துவோரின் கல்லீரலில் இரண்டும் கலந்து புதியதொரு நஞ்சு உருவாகி இதயத்தை மேலும் தாக்குகிறது.

இத்தகையவரிடம், 'மனவுறுதி இல்லையா, ஈமான் இல்லையா' என்று மட்டும் கேட்பது முறிந்த காலுடன் கிடப்பவரிடம் ஏன் ஓடவில்லை என்று கேட்பதை ஒக்கும். அவர் பொறுப்பிலிருந்து விடுபட்டவர் அல்லர். நாளை ரப்பின் முன் விடையளிக்க வேண்டியவரே. ஆயினும் கால் கூடும்வரை தாங்கிப் பிடிக்கும் கடமை அருகில் இருப்போரைச் சாரும்.

கவனம் என்னும் பயிற்சி

அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் நாட்பட்ட வலியால் துன்புறுவோருக்காக மனக்கவனப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று இன்று யாவரும் வழங்கும் சொல் அவ்வழியே மருத்துவமனைக்குள் நுழைந்தது. பின்னர் ஆலன் மார்லட் என்னும் உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் அதைப் போதையிலிருந்து மீண்டோர் மறுபடி வீழாதிருப்பதற்கான பயிற்சியாக வடிவமைத்தனர்.

அதன் சாரம் எளியது. போதையின் தவிப்பு கடலலை போன்றது. அது எழும், உச்சத்தை அடையும், பின் தானே தணியும். பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் தணிந்துவிடும். தவிப்போடு மல்லுக்கு நிற்பவரும் அதற்குப் பணிந்துவிடுபவரும் அலையில் மூழ்குகின்றனர். தவிப்பு உடலில் எங்கே தோன்றுகிறது, நெஞ்சிலா தொண்டையிலா, மூச்சு எவ்வாறு மாறுகிறது, எந்த எண்ணம் அதைத் தூண்டியது என்று அமைதியாகக் கவனித்திருப்பவர் அலையின்மீது மிதந்து கரை சேர்கிறார். ஒருமுறை கரை சேர்ந்தவருக்கு அடுத்த அலையைக் குறித்த அச்சம் குறைகிறது.

2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 286 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துத் தொடர்ந்தது. ஓராண்டு முடிவில், இப்பயிற்சி பெற்ற குழுவினர் போதைப்பொருள் பயன்படுத்திய நாள்கள் மற்ற இரு குழுவினரைவிடக் குறைவாக இருந்தன. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அந்த 286 பேரும் முதற்கட்டச் சிகிச்சையை ஏற்கெனவே முடித்தவர்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே அளவு பயனைக் காட்டியதாகவும் சொல்ல இயலாது. ஆகவே இப்பயிற்சி சிகிச்சைக்குப் பின் வரும் காவலே அன்றி, சிகிச்சையின் இடத்தில் வைக்கத்தக்கதன்று. சில வாரங்களில் போதையை வேரறுப்பதாகக் கூறிக் கட்டணம் பெறும் பயிற்சியாளர்கள் இக்காலத்தில் பெருகியுள்ளனர். 'பயிற்சியாளர்' என்ற பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். அவருக்குப் பின்னால் ஒரு மனநல மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டறிந்த பின்னரே நம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும்.

இது பிறர் சமயத்தின் தியானம் அல்லவா?

நம்மவர் எழுப்பும் இக்கேள்வி நியாயமானதே. இப்பயிற்சியின் வேர் பௌத்தத் தியான மரபில் உள்ளது. மந்திரமோ உருவமோ பிற சமயக் கொள்கையோ கலந்த பயிற்சியில் முஸ்லிம் கலந்துகொள்ளலாகாது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தன் மூச்சையும் எண்ணத்தையும் கவனிப்பது எந்தச் சமயத்தின் தனியுடைமையும் அன்று. அதற்கு நம்மிடமே பெயருண்டு; இலக்கணமும் உண்டு.

ஜிப்ரீல் (அலை) அவர்களின் கேள்விகளுக்கு விடையளித்த புகழ்பெற்ற ஹதீஸில், இஹ்ஸான் என்பது அல்லாஹ்வைக் காண்பதுபோல் வணங்குவது என்றும், நாம் காணாவிடினும் அவன் நம்மைக் காண்கிறான் என்ற உணர்வோடு இருப்பது என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அந்த உணர்வே முராகபா. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா உலூமித்தீனில் முராகபாவுக்கும் முஹாஸபாவுக்கும் தனியொரு நூற்பகுதியையே ஒதுக்கினார்கள். காலையில் தன் மனத்தோடு உடன்படிக்கை செய்துகொள்வது முஷாரதா. பகல் முழுதும் அதைக் கண்காணிப்பது முராகபா. இரவில் கணக்குப் பார்ப்பது முஹாஸபா. வணிகத்தில் பங்காளியோடு நடந்துகொள்வதைப்போல மனத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் காட்டும் உவமை. வணிகக் குடும்பங்கள் மிகுந்த நம் சமூகத்திற்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுமா?

மேலைநாட்டுப் பயிற்சிக்கும் முராகபாவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதில் மனிதன் தன்னைத்தானே பார்க்கிறான். இதில், தான் பார்க்கப்படுகிறோம் என்பதையும் அறிந்தே தன்னைப் பார்க்கிறான். தனியறையில் தவிப்போடு போராடும் ஒருவருக்கு, 'நான் தனியே இல்லை' என்ற அறிவு அச்சத்தை மட்டும் அன்றி ஆறுதலையும் தருகிறது. சூடானைச் சேர்ந்த உளவியலாளர் மாலிக் பத்ரி (1932-2021) இத்துறையில் நமக்கு வழிகாட்டியவர். மேற்கின் உளவியலை முழுதும் விழுங்காமலும் முழுதும் உமிழாமலும் அளந்து எடுத்துக்கொள்ளக் கற்பித்தார். இஸ்லாமும் மதுவும் குறித்து அவர் 1976-லேயே தனிநூல் எழுதியுள்ளார்.

மதீனாவின் நாள் ஒழுங்கு

மது ஒரே நாளில் தடை செய்யப்படவில்லை என்பதை நாம் அறிவோம். அல்பகரா 219-ஆம் வசனம் அதன் தீமை நன்மையைவிடப் பெரிது என உணர்த்தியது. அந்நிஸா 43-ஆம் வசனம் போதையில் தொழுகையை நெருங்கலாகாது என்றது. இறுதியில் அல்மாயிதா 90, 91-ஆம் வசனங்கள் முற்றாகத் தடுத்தன.

இரண்டாம் கட்டத்தைச் சற்றே சிந்திப்போம். நாளில் ஐந்து வேளையும் தெளிந்த அறிவோடு நிற்க வேண்டும் என்றால், பகற்பொழுதில் குடிக்க இடமே இல்லாமல் போகிறது. வேலையை விடவில்லை, வீட்டை விடவில்லை, ஊரை விடவில்லை. அன்றாட வாழ்வின் நடுவிலேயே தெளிவின் நேரம் கூடிக்கொண்டே போனது. இறுதித் தடை இறங்கியபோது மதீனத்துத் தெருக்களில் மது கொட்டப்பட்டு ஓடியதற்கு, முன்னரே பழக்கப்பட்ட உள்ளங்கள் காரணமாயின. அமெரிக்கா 1920-இல் சட்டத்தால் மட்டும் மதுவை ஒழிக்க முயன்று 1933-இல் கைவிட்டதையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்று படிப்படியாகக் குடிக்க அனுமதி உண்டு என்று எவரும் இதிலிருந்து பொருள்கொள்ளலாகாது. ஹராம் இன்று முழுமையாக ஹராமே. வெளியேறும் பாதைக்குத்தான் படிகள் உண்டு.

அப்பாதை ஒரு நாளில் எவ்வாறு அமையும்? பெரம்பலூரில் கைபேசிக் கடையொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் சிகிச்சையின் முதற்கட்டத்தை முடித்து வீடு திரும்பியிருக்கிறார். ஃபஜ்ருக்குப்பின் ஐந்து நிமிடம் அமர்ந்து, இன்று ஒரு நாள் மட்டும் தொடமாட்டேன் என்று நிய்யத் செய்கிறார். வாழ்நாள் முழுமைக்குமான சபதம் அவர் தோளுக்குப் பாரம். ஒரு நாள் பாரமன்று. லுஹரின் ஒளுவில் நீர் கையில் படும் குளிர்ச்சியைக் கவனித்து, ஒவ்வோர் உறுப்பையும் அவசரமின்றிக் கழுவுகிறார். அஸருக்குப்பின் கடை மூடும் நேரம் நெருங்குகையில் பழைய நண்பர்களின் அழைப்பு வரும். அவருடைய அபாய நேரம் அதுவே. அலை எழும்போது கைபேசியைக் கீழே வைத்து, அமர்ந்து, மூச்சைக் கவனித்து, இஸ்திஃக்பாரை மெல்ல ஓதி, அது தணியும்வரை காத்திருக்கிறார். மஃரிபுக்குத் தன் அண்ணனோடு பள்ளிக்குச் செல்கிறார். இஷாவுக்குப்பின் ஒரு சிறு ஏட்டில் இன்று தவிப்பு எப்போது வந்தது, எதனால் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்து வைக்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த ஏட்டை மருத்துவரிடம் காட்டுகிறார்.

இதில் மலைக்கத்தக்கது எதுவுமில்லை. ஆயினும் தொழுகை நேரங்கள் இல்லாத ஒருவர் இத்தகைய ஒழுங்கைப் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். நமக்கோ பாங்கொலி அதை உருவாக்கித் தந்திருக்கிறது.

ஒருநாள் அவர் சறுக்கிவிட்டால்? மார்லட் இங்கே ஓர் உண்மையைக் கண்டறிந்தார். பலரை முழுவதுமாக வீழ்த்துவது அந்த ஒரு சறுக்கல் அன்று. 'எல்லாம் போயிற்று, இனி நான் தேறமாட்டேன்' என்று அதன்பின் எழும் விரக்தியே வீழ்த்துகிறது. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்கலாகாது என்னும் அஸ்ஸுமர் 53-ஆம் வசனத்தை ஓதுகிற சமூகத்திற்கு இது விளங்கும். தவ்பாவின் வாசல் ஒரே முறை திறந்து மூடுவதன்று. சறுக்கியவர் அன்றே குளித்து, அடுத்த வக்துக்கு ஸஃப்பில் வந்து நிற்க வேண்டும். நாமும் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும்.

மருத்துவமின்றி நிறுத்துவதன் ஆபத்து

ரமளான் நெருங்கும்போது குடியை விட்டுவிடத் துணிவோர் உண்டு. அவர்களின் நிய்யத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆனால் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்துக் கைநடுக்கமும் காய்ச்சலும் இல்லாதவை கண்ணில் தெரியும் மனக்குழப்பமும் தோன்றலாம். கவனிக்காவிடில் உயிருக்கே ஆபத்து. இந்நிலையைக் கண்டு 'ஜின் பிடித்துவிட்டது' என்று ஓதிப் பார்க்க அழைத்து வருவோர் உண்டு. ஓதுவதில் ஷிஃபா உண்டு என்பதை மத்ரஸா ஆசிரியனான நான் மறுக்க இயலுமா? ஆனால் அந்நேரத்தில் முதலில் செல்ல வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியுள்ளான், மருந்தைத் தேடுங்கள் என்பது நபிவழியே. கொகைனை நிறுத்துவோருக்கு இத்தகைய வலிப்பு பொதுவாக வருவதில்லை. ஆயினும் கடும் மனச்சோர்வும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வரலாம். முதல் சில வாரங்கள் அவரைத் தனியே விடலாகாது.

நாம் கையாளும் நான்கு தவறான மருந்துகள்

முதலாவது, மறைப்பது. குடும்ப மானம் கருதி மூடி வைப்பதால் நோய் முற்றுகிறது. பிறர் குறையை ஊராருக்குப் பரப்பாதிருப்பது மார்க்கம். மருத்துவரிடமும் மறைப்பது மார்க்கமன்று.

இரண்டாவது, வெளிநாட்டுக்கு அனுப்புவது. ஊர் மாறினால் திருந்துவான் என்று எண்ணி வளைகுடாவுக்கு விமானம் ஏற்றுகின்றனர். தனிமையும் வேலைச்சுமையும் நோயைக் கூட்டுகின்றன. அங்குள்ள போதைச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. மகனைச் சிகிச்சைக்கு அனுப்ப வெட்கப்பட்ட குடும்பம், பின்னர் சிறையிலிருந்து மீட்க அலைய நேரிடும்.

மூன்றாவது, மணமுடித்து வைப்பது. 'பொறுப்பு வந்தால் தானாகத் திருந்துவான்' என்ற சொல் நம் வீடுகளில் எத்தனை பெண்களின் வாழ்வைக் குலைத்திருக்கிறது! நிகாஹ் ஓர் ஒப்பந்தம். மணமகனின் நோயை மறைத்து முடிக்கும் ஒப்பந்தம் மோசடியாகும். எவருடைய மகளும் எவருடைய மகனுக்கும் மருந்தல்லள். இரு தரப்பையும் தனித்தனியே அழைத்து விசாரித்து, சிகிச்சையில் இருப்பவரின் திருமணத்தை அவர் நிலைபெறும்வரை தள்ளிவைக்குமாறு அறிவுறுத்தும் உரிமை ஜமாஅத்துக்கு உண்டு. நிகாஹ் தஃப்தரை எடுத்துச் செல்லும் முன் இவ்விசாரணை நடைபெற வேண்டும்.

நான்காவது, கட்டி வைப்பது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட வழியின்றி மாண்டனர். தர்ஹாவை நாடி அழைத்துச் செல்லப்பட்டு அங்கே விடப்பட்டவர்கள் அவர்கள். அந்நிகழ்வுக்குப் பின்னரும், அடித்தும் பூட்டியும் திருத்துவதாகக் கூறும் இடங்களுக்கு நம் பிள்ளைகளை அனுப்புவது பெரும்பாவம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துள்ளது. மறுவாழ்வு மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள்.

உமர் (ரலி) அனுப்பிய மடல்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரைப் பற்றி ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். அங்கிருந்தோரில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிக்கிறார் என்று சான்றும் பகர்ந்தார்கள். தண்டனை ஒருபுறம் நடந்தது. ஆனால் அவர் சமூகத்தின் வட்டத்திற்கு வெளியே தள்ளப்படவில்லை.

உமர் (ரலி) அவர்கள் தம்மிடம் வந்துபோய்க்கொண்டிருந்த ஷாம் தேசத்து மனிதர் ஒருவரைக் காணாது விசாரித்தார்கள். அவர் குடியில் வீழ்ந்துவிட்டார் என்று அறிந்ததும், இறைவன் பாவம் பொறுப்பவன், தவ்பாவை ஏற்பவன் என்னும் ஃகாஃபிர் அத்தியாயத்தின் தொடக்கத்தை நினைவூட்டி மடல் எழுதினார்கள். அருகிருந்தோரையும் அவருக்காக துஆச் செய்யச் சொன்னார்கள். மடலைப் படித்துப் படித்து அழுத அம்மனிதர் திருந்தினார் என்று தஃப்ஸீர் இப்னு கஸீரில் பதிவாகியுள்ளது. இந்நிகழ்வில் நான் கவனிப்பது ஒன்று: கலீஃபா முதலில், 'அவர் ஏன் வரவில்லை' என்று கேட்டார்கள். நம் பள்ளிகளில் ஸஃப்பிலிருந்து ஓர் இளைஞர் காணாமற்போனால் அவ்வாறு கேட்பவர் யார்?

மஹல்லா செய்யத்தக்கவை

ஒவ்வொரு மஹல்லாவிலும் இருவரை இப்பணிக்கென நியமிக்கலாம். பெண்களுக்காக ஒரு சகோதரியும் இருக்கட்டும். அவர்கள் மருத்துவர் ஆக வேண்டியதில்லை. இரகசியம் காப்பவர்களாகவும், எந்த நேரத்திலும் தொலைபேசியை எடுப்பவர்களாகவும், மருத்துவமனைக்கு உடன் செல்பவர்களாகவும் இருந்தால் போதும்.

அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில. போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. மனநல ஆலோசனைக்கான 'டெலி மானஸ்' எண் 14416. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை உள்ளது. தமிழக அரசு 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியுள்ளது. சென்னையில், கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்தாருக்கும் சேர்த்தே பயிற்சி அளிப்பதில் முன்னோடி. பெங்களூரு நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்திற்கெனத் தனி மையம் உண்டு.

காவல்துறை அச்சத்தால் சிகிச்சையைத் தவிர்ப்போருக்கு ஒரு சொல். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64அ பிரிவு, சிறிய அளவு அல்லது சொந்தப் பயன்பாடு தொடர்பான வழக்கில் சிக்கிய அடிமை, அரசு ஏற்பளித்த மையத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற வழி செய்கிறது. சிகிச்சையை இடையில் கைவிட்டால் அவ்விலக்கு நீங்கும். விற்போருக்கு அது பொருந்தாது, பொருந்தவும் கூடாது.

பைத்துல்மாலிலிருந்து பயணச் செலவுக்கும் சிகிச்சைக் காலத்தில் குடும்பத்தின் அரிசிக்கும் ஒரு தொகை ஒதுக்கலாம். சிகிச்சையில் இருக்கும் தந்தையின் பிள்ளை மத்ரஸாவில் கேலிக்கு ஆளாகாமல் காப்பது என் போன்ற உஸ்தாதுகளின் பொறுப்பு.

இவ்வளவு செய்தால் குற்றத்திற்கு இடங்கொடுத்ததாகாதா, மற்ற இளைஞர்களுக்குத் துணிச்சல் வந்துவிடாதா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். அக்கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகவேதான் விற்பவனையும் வீழ்ந்தவனையும் வேறுபடுத்த வேண்டும் என்கிறேன். விற்பவன் குறித்து ஊர் ஒன்றுபட்டுச் சட்டத்தின் துணையை நாட வேண்டும். வீழ்ந்தவருக்கோ திரும்பும் பாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலும், போதையின் உண்மை முகத்தை மீண்டவர் தம் வாயால் கூறக் கேட்கும் இளைஞனுக்கு வருவது துணிச்சலன்று; எச்சரிக்கையே.

எதிர்வரும் ஜுமுஆவுக்குப்பின் உங்கள் முத்தவல்லியிடமும் இமாமிடமும் இது குறித்துப் பேசுங்கள். மஹல்லாவில் அவ்விருவரை நியமிப்பதற்குப் பெரிய நிதியோ கட்டடமோ தேவையில்லை. இன்றிரவு எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய் மகனின் அறைக் கதவைப் பார்த்தபடி விழித்திருக்கிறாள். விடிந்ததும் அவள் அச்சமின்றி அழைக்கக்கூடிய எண் ஒன்று அவளிடம் இருக்க வேண்டும்.

வீழ்ந்தோரை எழச் செய்வாயாக, எழுந்தோரை நிலைபெறச் செய்வாயாக, அவர்களைத் தாங்கும் கரங்களாக எங்களை ஆக்குவாயாக, யா அல்லாஹ்! ஆமீன்.